பெற்றோரின் துயரமும் பிள்ளையின் வாழ்வும்: அரவிந்தரின் இளமை

நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குச் சான்றோர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். பாபாசாகேப் அம்பேத்கர், அயோத்திதாச பண்டிதர், இரட்டைமலை சீனிவாசன் ஆகிய நம் தலைவர்களைப் பற்றி எழுத வல்லார் நம்மிடையே பலர் உளர். ஆகவே, நம் புதுச்சேரி நகரிலேயே நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த ஒருவரை நாம் எடுத்துக்கொண்டோம். அவரே ஸ்ரீ அரவிந்தர்.

மரைன் வீதியில் உள்ள ஆசிரமத்து வாயிலில் மலர்களோடு மக்கள் வரிசையில் நிற்பதை நாம் சிறு வயது முதற் கண்டு வருகிறோம். அங்கே வணங்கப்படுபவர் யோகி. அவரது யோகத்தைப் பற்றியோ தத்துவத்தைப் பற்றியோ ஈண்டு நாம் பேசப் போவதில்லை. அந்த யோகி ஒரு காலத்தில் சிறுவனாக இருந்தார். நோயுற்ற தாய்க்கும், ஊரோடு ஒவ்வாத தந்தைக்கும் பிறந்த சிறுவன் அவன். வீட்டில் அச்சமும், அயல் நாட்டில் பசியும் குளிரும் அறிந்தவன். அந்தச் சிறுவனைப் பற்றியே நாம் எழுதுகிறோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அரசுப் பள்ளிகளில் பணியாற்றிய நமக்கு, அத்தகைய சிறுவர்கள் நம் வகுப்புகளிலும் அமர்ந்திருப்பது நன்கு தெரியும். இதனை எழுதத் தூண்டியதும் அதுவே.

தந்தையார்

அரவிந்தர் 1872ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் டாக்டர் கிருஷ்ணதன் கோஷ். அவர் கல்கத்தாவில் மருத்துவம் பயின்று, மேற்படிப்புக்காகக் கடல் கடந்து ஸ்காட்லாந்தில் உள்ள அபர்தீன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றவர். 1871இல் அவர் நாடு திரும்பியபோது, கடல் கடந்த குற்றத்திற்குப் பிராயச்சித்தம் செய்துகொள்ளுமாறு அவருடைய சாதியினர் வற்புறுத்தினர். அவர் மறுத்துவிட்டார். சடங்குக்குத் தலை வணங்குவதைவிட ஊரை விட்டு வெளியேறுவதே மேல் எனக் கருதி, கொன்னகர் என்னும் தம் மூதாதையர் ஊரிலிருந்து நீங்கினார். பின்னர் ரங்கபூரிலும் குல்னாவிலும் அரசு மருத்துவராகப் பணியாற்றினார்.

சாதிக் கட்டுப்பாட்டுக்குப் பணியாத அந்த மனிதரை நம் சமுதாயத்தார் மதிக்காமல் இருக்க இயலாது. ஏழைகளுக்கு வாரி வழங்கிய வள்ளல் எனவும் அவர் பெயர் பெற்றார். ஆயினும் ஊர் தமக்குச் செய்த அவமதிப்பு அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்துவிட்டது. இந்தியருடைய பழக்கம் எதுவும் தம் பிள்ளைகளைத் தீண்டலாகாது. அவர்கள் முழு ஆங்கிலேயராக வளர்ந்து ஐ.சி.எஸ். அதிகாரிகளாக வேண்டும் என அவர் முடிவு செய்தார். மகனின் பெயருக்கு நடுவிலேயே ‘அக்ராய்டு’ என ஓர் ஆங்கிலப் பெயரைச் சேர்த்தார். வீட்டில் ஆங்கிலம் பேசப்பட்டது. பணியாட்களிடம் பேச இந்துஸ்தானி போதுமானதாயிற்று. வங்காளியாகப் பிறந்த குழந்தைக்கு வங்காள மொழி தெரியாமற் போயிற்று.

இதைப் படிக்கும் பெற்றோர் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். நாம் பட்ட அவமானம் நம் பிள்ளைகளைத் தொடக்கூடாது என எண்ணி, நம் தெருவின் பேச்சையும் நம் உறவினரையும் அவர்களிடமிருந்து மறைப்போர் நம்மிலும் உளர். அவர்தம் எண்ணத்தை நாம் குறை கூறோம். ஆனால், பெற்றோரின் காயத்திற்கு மருந்தாகப் பிள்ளையின் வாழ்வை அரைத்துப் பூசலாகாது. கிருஷ்ணதன் கோஷ் செய்தது அதுவேயாகும்.

தாயார்

தாயார் சுவர்ணலதா தேவி. அவர், பிரம்ம சமாஜத் தலைவர்களுள் ஒருவரும் வங்காளத்துத் தேசிய உணர்ச்சிக்கு முன்னோடியுமான ராஜநாராயண் போஸின் மகள். 1864இல் கிருஷ்ணதன் கோஷை மணந்தார். அரவிந்தர் சிறு குழந்தையாக இருந்தபோதே அந்த அம்மையாரை மனநோய் பற்றத் தொடங்கியது. ஆண்டுகள் செல்லச் செல்ல நோய் முற்றிற்று. அக்காலத்தில் அதற்குத் தக்க மருத்துவம் இல்லை. மருத்துவரின் மனைவியாக இருந்தும் அந்நோயிலிருந்து அவரை மீட்க வழியில்லாமற் போயிற்று.

நோயின் வேகத்தில் அம்மையார் பிள்ளைகளை அடிப்பதுண்டு. ஒருநாள் அண்ணன் மன்மோகனை அவர் அடித்துக்கொண்டிருக்கையில் சிறுவன் அரவிந்தன் அருகில் நின்றான். அடுத்து என்ன நேருமோ என அஞ்சிய அவன், தாகமாக இருக்கிறது என்று சொல்லி மெல்ல அறையை விட்டு நழுவிவிட்டான். முதுமையிலும் அவர் மறவாத நிகழ்ச்சி இது. ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தை தன்னைக் காத்துக்கொள்ளக் காரணம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய வீடு அது. அத்தகைய குழந்தை பிற்காலத்தில் மிகக் குறைவாகப் பேசுபவனாக, தன் உள்ளத்தை எளிதில் வெளிக்காட்டாதவனாக வளர்ந்தால் அதில் வியப்பில்லை. அரவிந்தரும் அவ்வாறே வளர்ந்தார்.

1877இல், ஐந்து வயதில், அவரும் அண்ணன்மார் வினயபூஷணும் மன்மோகனும் டார்ஜிலிங்கில் உள்ள லொரெட்டோ கன்னிமாடப் பள்ளியின் விடுதியில் சேர்க்கப்பட்டனர். அங்கே படித்தோர் பெரும்பாலும் ஐரோப்பியரின் பிள்ளைகள். தாயின் கை நோயால் நடுங்கியபோது, குழந்தைகளைத் தாங்க வேறொரு கை வீட்டில் இல்லை. தந்தை கண்ட வழி, அவர்களைத் தொலைவில் வைப்பதே.

அயல் நாட்டில் விடப்பட்ட மூவர்

1879இல் பெற்றோர் இருவரும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இங்கிலாந்து சென்றனர். மான்செஸ்டர் நகரில் டிரூவெட் என்னும் கிறித்தவப் போதகரிடம் மூன்று சிறுவர்களும் ஒப்படைக்கப்பட்டனர். எந்த இந்தியரோடும் அவர்கள் பழகலாகாது, இந்தியாவைப் பற்றிய எதுவும் அவர்கள் காதில் விழலாகாது என்பது தந்தையின் ஆணை. தந்தையார் நாடு திரும்பினார். தாயார் 1880 சனவரியில் அங்கேயே பாரீந்திரன் என்னும் கடைசி மகனைப் பெற்றெடுத்து, பின்னர் இந்தியா வந்து சேர்ந்தார். அரவிந்தருக்கு அப்போது வயது ஏழு. அதன்பின் அவர் தந்தையை உயிரோடு காணவேயில்லை.

டிரூவெட்டும் அவர் மனைவியாரும் நல்லவர்கள். அண்ணன்மார் பள்ளிக்குச் செல்ல, இளையவனுக்கு அவர்கள் வீட்டிலேயே லத்தீன், பிரெஞ்சு, வரலாறு, நில நூல், கணக்கு ஆகியவற்றைக் கற்பித்தனர். தாய் தந்தை இருவரையும் ஒருங்கே பிரிந்த அச்சிறுவனுக்கு நூல்களே தோழர்களாயின. சில ஆண்டுகளில் டிரூவெட் தம்பதியர் ஆஸ்திரேலியா சென்றுவிட, சிறுவர்கள் அப்போதகரின் வயது முதிர்ந்த தாயாரோடு லண்டனுக்கு வந்தனர்.

1884இல் அரவிந்தர் லண்டன் செயிண்ட் பால் பள்ளியில் சேர்ந்தார். அப்பள்ளியின் தலைமையாசிரியர் வாக்கர் என்பவர் அச்சிறுவனின் லத்தீன் அறிவைக் கண்டு வியந்து, தாமே முன்வந்து கிரேக்கம் கற்பித்து, விரைவாக மேல் வகுப்புகளுக்கு உயர்த்தினார். தலைமையாசிரியராக இருக்கும் நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருகிறது. அவர் அப்பையனின் குடும்ப வரலாற்றைத் துருவி ஆராயவில்லை. ஒரு மாணவன் தன் எதிரில் நிற்கிறான், அவனிடம் திறன் இருக்கிறது என்பதைக் கண்டார். அதற்கு உரியதைச் செய்தார்.

ஐந்து ஷில்லிங் அண்ணன்

லண்டனில் அடுத்த துன்பம் வந்தது. அம்மூதாட்டி தீவிர சமயப் பற்றுடையவர். ஒருநாள் மன்மோகன், மோசேயைப் பற்றி இழிவாக ஏதோ கூறிவிட, இத்தகைய நாத்திகரோடு ஒரே கூரையின்கீழ் வாழேன் என்று அவர் பிரிந்து சென்றார். தந்தையிடமிருந்து பணம் வருவதும் வரவரக் குறைந்தது. ஊரார்க்கெல்லாம் வாரி வழங்கிய அந்த வள்ளலின் சொந்தப் பிள்ளைகள் அயல் நாட்டில் வாடினர்.

அப்போது மூத்தவர் வினயபூஷண் ஓர் அரசியல் கழகத்தில் உதவியாளராக வேலைக்கு அமர்ந்தார். தென் கென்சிங்டன் பகுதியில் உள்ள அக்கழகக் கட்டடத்தின் மேல்மாடியில் தங்க இடமும், வாரத்திற்கு ஐந்து ஷில்லிங் கூலியும் கிடைத்தன. தம்பி அரவிந்தரும் அங்கே தங்கினார். குளிர் காலத்தில் அறையில் கணப்பு இல்லை. உடுத்த மேலங்கி இல்லை. காலையில் வெண்ணெய் தடவிய ஓரிரு ரொட்டித் துண்டும் ஒரு கோப்பைத் தேநீரும். மாலையில் ஒரு பென்னி விலையுள்ள இறைச்சித் துண்டு. நெடுநாட்கள் இவையே அவர்களின் உணவு.

வினயபூஷணின் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை. மன்மோகன் ஆங்கிலக் கவிஞராகவும் கல்கத்தா மாநிலக் கல்லூரிப் பேராசிரியராகவும் புகழ் பெற்றார். அரவிந்தரை உலகமே அறியும். வினயபூஷண் கூச்பிகார் சமஸ்தானத்தில் பணியாற்றி அமைதியாக வாழ்ந்து மறைந்தார். ஆனால் அந்த ஐந்து ஷில்லிங் இல்லையேல் நம் வரலாறு எவ்வாறு சென்றிருக்கும் என எண்ணிப் பார்க்க வேண்டும். பெற்றோர் தாங்க இயலாத குழந்தையை உடன்பிறந்தவன் தாங்கினான். இவ்வரலாற்றில் நம் உள்ளத்தை மிகவும் தொட்ட இடம் இதுவேயாகும்.

பசியோடு படித்த அரவிந்தர் 1889இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் ஆண்டுக்கு 80 பவுன் பெறும் உதவித்தொகையை வென்றார். 1890இல் ஐ.சி.எஸ். தேர்வில் 11ஆம் இடம் பெற்றுத் தேறினார்.

மாறிய தந்தையும் மகனின் முடிவும்

இதற்கிடையில் தந்தையாரின் மனம் மாறத் தொடங்கியது. ஆங்கிலேயரை வியந்து வாழ்ந்த அவர், இந்திய மக்களை அவர்கள் நடத்திய கொடுமையை நேரிற் கண்டார். ‘பெங்காலி’ என்னும் செய்தித்தாளில் வெளிவந்த அத்தகைய செய்திகளைக் கோடிட்டு மகன்களுக்கு அஞ்சலில் அனுப்பலானார். இந்தியாவைப் பற்றி எதுவும் அறியலாகாது என ஆணையிட்ட அதே கைதான், இந்தியாவின் துயரத்தை மகனுக்கு முதன்முதல் எழுதியும் காட்டியது. பெற்றோர் என்பவர் ஒரே தன்மையராக இருப்பதில்லை என்பதற்கு இது சான்று.

ஐ.சி.எஸ். பயிற்சியின் இறுதியில் குதிரையேற்றத் தேர்வு இருந்தது. பலமுறை வாய்ப்பளித்தும் அரவிந்தர் அதற்குச் செல்லவில்லை. 1892 நவம்பரில் அவர் தகுதியற்றவர் எனத் தள்ளப்பட்டார். அப்பதவியில் தமக்கு விருப்பமில்லாததால் அவ்வாறு ஒதுங்கியதாகப் பிற்காலத்தில் அவரே விளக்கினார். இருபது வயது வரை தந்தையின் கனவைச் சுமந்த பிள்ளை, எதிர்த்து ஒரு சொல்லும் கூறாமல் அதனை இறக்கி வைத்தான். அடி விழும் அறையிலிருந்து தண்ணீர் குடிக்கப் போன குழந்தையை இங்கே மீண்டும் காண்கிறோம்.

மகன் திரும்பி வரும் நாளைத் தந்தையார் ஆவலோடு எதிர்நோக்கியிருந்தார். அரவிந்தர் வருவதாகக் கருதப்பட்ட ‘ருமேனியா’ என்னும் கப்பல் போர்த்துகல் கரைக்கு அப்பால் மூழ்கியது எனும் செய்தி அவருக்கு எட்டியது. உண்மையில் அரவிந்தர் அக்கப்பலில் ஏறவேயில்லை. ஆனால் தந்தையின் நெஞ்சு அதனைத் தாங்கவில்லை. 1892ஆம் ஆண்டின் இறுதியில், மகனின் பெயரைச் சொல்லியவாறே அவர் உயிர் நீத்தார். அரவிந்தர் 1893 பிப்ரவரி 6ஆம் நாள் வேறொரு கப்பலில் பம்பாயில் வந்திறங்கினார். வாழ்நாள் முழுதும் அன்பை வெளிப்படுத்தத் தெரியாத ஒரு தந்தை, அன்பினாலேயே இறந்தார் என்பதை என்னென்பது!

விரல் வடு

1894இல் அரவிந்தர் தேவ்கர் என்னும் ஊருக்குத் தம் உறவினரைக் காணச் சென்றார். தாய்வழிப் பாட்டனாரான ராஜநாராயண் போஸ் அங்கு வாழ்ந்தார். தாயாரும் அப்பகுதியிலேயே இருந்தார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் தம் முன் வந்து நின்ற இளைஞனை அந்த அம்மையார் அடையாளம் காணவில்லை. தம் அரவிந்தன் சிறு பிள்ளையாயிற்றே, இவ்வளவு பெரியவனாக இருக்க முடியாதே எனக் கூறினார். பிறகு தம் பிள்ளைக்கு விரலில் ஒரு வெட்டுக் காயம் உண்டு என்பது நினைவுக்கு வந்தது. அந்த வடுவைக் காட்டிய பின்னரே மகன் என ஏற்றார்.

நோய் தாயின் அறிவை மறைத்தது. ஆனால் குழந்தையின் விரற்காயத்தை அவள் நெஞ்சு மறக்கவில்லை. மனநோயுற்ற தாய்க்கு அன்பில்லை என்று எண்ணுவோர் இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்வாராக.

அரவிந்தர் பின்னாளில் நாட்டைத் தாய் எனப் போற்றிய தலைவர்களுள் முதன்மையானவரானார். தாயன்பு பெறாத ஏக்கமே அதற்குக் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. அவ்வாறு ஒரு பெரிய வாழ்வை ஒரு காரணத்திற்குள் அடைக்க நாம் விரும்பவில்லை. ஒன்று மட்டும் உறுதி. தமக்கு மறுக்கப்பட்டவற்றை அவர் ஒவ்வொன்றாகத் தேடி அடைந்தார். பரோடாவில் பணியாற்றிய காலத்தில் தாய்மொழியை ஆசிரியர் வைத்துக் கற்றார்; சமஸ்கிருதத்தைத் தாமே கற்றார். பின்னர் புதுச்சேரியில் பாரதியாரின் துணையோடு தமிழும் பயின்று, ஆண்டாள், நம்மாழ்வார் பாடல்களையும் குறளின் சில பகுதிகளையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். தாய்மொழியை இருபது வயதுக்கு மேல் அந்நியன்போல் கற்க நேர்ந்தது அவருக்குப் பேரிழப்பே. ஆயினும் கற்றார்.

தந்தையிடமிருந்து அவர் பெற்ற நன்மையும் உண்டு. 1901இல் மிருணாளினி தேவியை மணந்தபோது, கடல் கடந்தமைக்காகத் தலையை மழித்துப் பிராயச்சித்தம் செய்ய வேண்டுமெனப் புரோகிதர் கேட்டனர். முப்பது ஆண்டுகளுக்கு முன் தந்தை மறுத்ததைப் போலவே மகனும் மறுத்தார்.

தீமையும் தொடர்ந்தது. வீட்டு வாழ்வு இன்னதென அறியாது வளர்ந்தவர்க்கு இல்லறம் அமையவில்லை. மிருணாளினி தேவி பெரும்பாலும் தம் தந்தையின் வீட்டிலேயே வாழ்ந்தார். கணவரைச் சேரப் புதுச்சேரிக்குப் புறப்படும் நிலையில், 1918 டிசம்பரில் கல்கத்தாவில் விஷக் காய்ச்சலால் மாண்டார். பெரியோர் வரலாற்றில் இத்தகைய பெண்களின் துயரம் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. நாமும் ஒரு பத்தியோடு நிறுத்துகிறோம் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

தம்பி பாரீந்திரர்

ஒரே பெற்றோருக்குப் பிறந்தும் வேறு விதமாக வளர்ந்தவர் கடைசித் தம்பி பாரீந்திரர். அண்ணன்மார் இங்கிலாந்தில் இருக்க, அவரும் தமக்கை சரோஜினியும் நோயுற்ற தாயாரிடமே தேவ்கருக்கு அருகில் வளர்ந்தனர். அடியும் அச்சமும் தனிமையுமே அவரது குழந்தைப் பருவம். பத்து வயதளவில் தந்தையார் அவரைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். அதற்குள் தந்தையார் வேறொரு பெண்மணியைத் துணையாகக் கொண்டிருந்தார். ஊர் பழித்த அந்தப் பெண்மணியே அச்சிறுவனுக்குத் தாயன்பைக் காட்டினார். தந்தை மறைந்ததும் அந்த நிழலும் நீங்கியது.

பாரீந்திரரின் கல்வி நிலைபெறவில்லை. பாட்னாவில் தேநீர்க்கடை வைத்துப் பார்த்தார், அதுவும் நடக்கவில்லை. இறுதியில் பரோடாவில் இருந்த அண்ணன் அரவிந்தரைத் தேடி வந்தார். வினயபூஷண் தமக்குச் செய்ததை அரவிந்தர் தம்பிக்குச் செய்து ஏற்றுக்கொண்டார். பின்னர் கல்கத்தாவில் புரட்சிக் குழுவின் தலைவரான பாரீந்திரர், 1908ஆம் ஆண்டு அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் கைதானார். அரவிந்தரும் அவ்வழக்கில் சிறைப்பட்டார். வழக்கு நிதிக்காகத் தமக்கை சரோஜினி மக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். சித்தரஞ்சன் தாஸ் வாதாட, 1909 மே 6ஆம் நாள் அரவிந்தர் விடுதலையானார். பாரீந்திரருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனையாகக் குறைந்து, அந்தமான் சிறைக்கு அனுப்பப்பட்டார். 1920இல் விடுதலை பெற்ற அவர், பின்னர்ப் பத்திரிகையாசிரியராக விளங்கி 1959இல் மறைந்தார். அவரது வீரத்தில் குறைவில்லை; நிலையான ஓர் இடந்தான் அவருக்கு நெடுநாள் கிட்டவில்லை.

அரவிந்தர் 1910 ஏப்ரல் 4ஆம் நாள் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த நம் நகரம் அவருக்குப் புகலிடம் தந்தது. சங்கர செட்டியார் இல்லத்தின் மேல்மாடியில் சில திங்கள் மறைந்து வாழ்ந்தார். 1914 முதல் ‘ஆர்யா’ இதழை நடத்தினார். 1926இல் ஆசிரமம் உருப்பெற்றது. 1950 டிசம்பர் 5ஆம் நாள் இங்கேயே உயிர் நீத்தார். சீடர்கள் கேட்டபோது தம் தாயின் நோயையும் தந்தையின் போக்கையும் மறைக்காமலும் பழிக்காமலும் எடுத்துரைத்தார். குடும்பத்தின் துயரைச் சொல்ல நாணாத அந்த நேர்மையை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

பரோடாவின் இரு இளைஞர்கள்

இங்கே நம் சமுதாய இளைஞர் ஒருவர் கேட்கலாம்: அவர் உயர் குலத்தார், துன்பம் வந்தாலும் தாங்குவதற்கு ஆட்கள் இருந்தனர், நமக்கு யார் இருக்கிறார்கள்? நேர்மையான கேள்வி. அதற்கு வரலாறே விடை தருகிறது.

ஐ.சி.எஸ். பதவியை இழந்த அரவிந்தருக்கு, லண்டனிலேயே பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 200 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை அளித்தார். அதே மன்னரின் உதவித்தொகையைப் பெற்றே 1913இல் அம்பேத்கர் அமெரிக்காவில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அவரும் ஆறு வயதளவில் தாயை இழந்தவர். உடற்குறையுடைய அத்தையின் அரவணைப்பில் வளர்ந்தவர். கடன் வாங்கியும் நூல்கள் வாங்கித் தந்த தந்தை அவருக்கு வாய்த்திருந்தார். 1917இல் அவர் பரோடாவில் பணியேற்க வந்தபோது, அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியவரைச் சில நாட்களிலேயே தடிகளோடு வந்தோர் வெளியேற்றினர். கல்வியில் எவருக்கும் குறையாத இருவர், ஒரே ஊர், ஒரே மன்னர். ஒருவர் கல்லூரியில் பேராசிரியராக உயர்ந்தார். மற்றவர் ஒரு மரத்தடியில் அமர்ந்து கண்ணீர் விட்டார்.

ஆகவே, வீட்டுத் துன்பம் எல்லாக் குழந்தைகளையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. கீழே விழும் குழந்தையைத் தாங்க, சிலருக்குப் பாட்டனார் வீடும் பழகிய அதிகாரிகளும் உதவித்தொகையும் உண்டு. நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அவை இல்லை. இல்லாத அந்தக் கைகளை நாமே உண்டாக்க வேண்டும். கல்விச் சங்கம் என்ற ஒன்று வேண்டுவது இதற்காகவே.

நாம் செய்த ஒரு பிழை

இறுதியாக, நம் வாழ்வில் நேர்ந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். இருபது ஆண்டுகளுக்கு முன், நாம் உதவியாசிரியராக இருந்தபோது, எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் நாள்தோறும் முதற் பாடவேளையிலேயே உறங்கிவிடுவான். வீட்டுப் பாடமும் எழுதி வருவதில்லை. ஒருநாள் சினமுற்று அவனை எழுப்பி, எல்லோர் முன்னிலையிலும் பிரம்பால் அடித்தோம். அவன் அழவில்லை, ஒரு சொல்லும் கூறவில்லை. மறுநாள் முதல் பள்ளிக்கு வரவில்லை. ஒரு வாரம் கழித்து அவன் வீட்டைத் தேடிச் சென்றபோதுதான் உண்மை தெரிந்தது. தந்தை குடித்துவிட்டு எங்கோ கிடப்பவர். தாய்க்கு மனநோய், இரவில் வீட்டை விட்டு எழுந்து நடப்பாள். அவளைக் காவல் காத்து விடிய விடிய விழித்திருந்தவன் அந்தப் பதின்மூன்று வயதுச் சிறுவன். நாம் சென்றபோது அவன் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டிருந்தான். எவ்வளவு அழைத்தும் அவன் திரும்பவில்லை.

தாகம் என்று சொல்லி நழுவிய குழந்தையைப் பற்றி முதன்முதலிற் படித்தபோது நமக்கு அந்த மாணவனின் முகமே தோன்றியது. பிரம்பை அன்றோடு விட்டோம். ஆனால் அவனுக்குச் செய்த பிழை தீரவில்லை. வாக்கர் என்னும் தலைமையாசிரியர் தம் மாணவனைக் கண்டதுபோல், நாம் நம் மாணவனைக் காணத் தவறினோம்.

இளைஞர்களே! உங்கள் தந்தை குடிப்பவராக இருக்கலாம். தாய் நோயுற்றவராக இருக்கலாம். இருவரும் பிரிந்து வாழலாம். அது உங்கள் குற்றமன்று. அதற்காக நீங்கள் தலை குனிய வேண்டுவதில்லை. அவர்கள் பட்ட துயரம் உங்கள் விதியுமன்று. வீட்டில் மனநோயாளர் இருப்பின் மந்திரிப்பவரிடம் அலையாமல் கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். சுவர்ணலதா தேவியின் காலத்தில் இல்லாத மருத்துவம் இன்று இருக்கிறது. அடிபடும் குழந்தையைக் கண்டால் 1098 என்னும் எண்ணுக்குச் சொல்லுங்கள்.

கற்றுத் தேறி வேலைக்குச் சென்றுவிட்ட உறுப்பினர்களே! உங்கள் தெருவில் விளக்கில்லாத வீட்டில் ஒரு பிள்ளை படிக்க இடமின்றி இருப்பான். அவனுக்கு மாலை நேரத்தில் ஓர் அறையும், ஒரு வேளை உணவும், அவன் பெயரைச் சொல்லி அழைக்க ஒரு மனிதரும் தேவை. நாம் எல்லோரும் அரவிந்தராகவோ அம்பேத்கராகவோ ஆக இயலாது. வாரத்திற்கு ஐந்து ஷில்லிங் சம்பாதித்துத் தம்பியைக் காத்த வினயபூஷணாக ஆக நம் ஒவ்வொருவராலும் இயலும்.

வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் அத்தகைய அண்ணன்மாரைப் பெருக்கிப் பொன் விழாவையும் காண்பதாக!